விடை சரி, மார்க் ஏன் குறைவு? இயற்பியல் தேர்வு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பல்கலைக்கழக இயற்பியல் பாடத்தில் மார்க் எப்படிப் போடுகிறார்கள், கிரேடு எப்படி வருகிறது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது. சில கடிதங்களில் கோபம், சிலவற்றில் பயம். முடிந்தவரை நேராகப் பதில் சொல்கிறேன்.

சாய்தளக் கணக்கு ஒன்றில் என் விடை அச்சு அசலாகச் சரி. பத்துக்கு மூன்றுதான் கிடைத்தது. பக்கத்தில் இருந்த நண்பனுக்கு விடையே வரவில்லை, ஆனால் எட்டு. இது என்ன நியாயம்?
– முதலாண்டு மாணவர்

இரண்டு விடைத்தாள்களின் படத்தையும் அனுப்பியதற்கு நன்றி, அது இல்லாமல் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. கணக்கு இதுதான்: 30 டிகிரி சாய்வு, 5 மீட்டர் நீளம், உராய்வுக் குணகம் 0.2, ஓய்விலிருந்து சறுக்கும் பொருள் அடியை எட்டும்போது என்ன வேகம். நீங்கள் வேகத்துக்கான சமன்பாட்டை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் நொடிக்கு 5.66 மீட்டர் என்று முடித்துவிட்டீர்கள். முடுக்கம் எங்கிருந்து வந்தது என்று தாளில் எங்கேயும் இல்லை.

உங்கள் நண்பர் படம் வரைந்திருக்கிறார். எடை நேர் கீழே, செங்குத்து எதிர்விசை தளத்துக்குச் செங்குத்தாக, உராய்வு தளத்தோடு மேல்நோக்கி. விசைகளைச் சரியாகப் பிரித்து, நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போவதைக் காட்டி, முடுக்கத்துக்கான கோவையை எழுதி, வேகத்துக்கான சமன்பாட்டையும் எழுதிவிட்டார். எண்களைப் போடும்போதுதான் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருந்திருக்கிறது. முடுக்கம் மைனஸ் 9.99 என்று வந்துவிட்டது. அதன் பக்கத்தில் அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: "முடுக்கம் மைனஸில் வருகிறது, பொருள் தானாக மேலே ஏறாது, எங்கோ எண் பிழை, நேரமில்லை." திருத்துகிறவருக்கு இந்த ஒரு வரி போதும். இவருக்கு இயற்பியல் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொதுவாக இப்படித்தான் பிரிப்பார்கள்: படத்துக்கு 2, விசைகளைப் பிரித்துச் சமன்பாடு எழுதியதற்கு 3, முடுக்கக் கோவைக்கு 2, வேகச் சமன்பாட்டுக்கு 1, எண்ணுக்கு 1, அலகுக்கு 1. நண்பருக்குப் போனது கடைசி இரண்டு. உங்களுக்குக் கிடைத்தது கடைசி மூன்று. விடை உங்கள் தலைக்குள் இருந்து வந்ததா, பக்கத்துத் தாளிலிருந்து வந்ததா என்று திருத்துகிறவருக்குத் தெரிய வழியில்லை, தாளில் இருப்பதற்குத்தான் அவர் மார்க் போட முடியும். நீங்கள் மனதிலேயே போட்டிருக்கலாம், நம்புகிறேன். அடுத்த முறை அதைத் தாளில் இறக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே கணக்கில் உராய்வை மறந்தவருக்குச் சரியாக நொடிக்கு 7 மீட்டர் என்று வரும். இப்படி அழகான முழு எண் வருவது தற்செயல் இல்லை, வினா அமைக்கிறவர் பெரும்பாலும் தெரிந்தேதான் எண்களைத் தேர்ந்தெடுப்பார். தாளில் 7 என்று பார்த்தாலே எங்கே சறுக்கினார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். (அ) பிரிவில் வந்த தப்பான விடையை (ஆ) பிரிவில் சரியான முறையில் பயன்படுத்தினால், நல்ல ஆசிரியர்கள் (ஆ)வுக்கு முழு மார்க் தருவார்கள். ஒரே தப்புக்கு இரண்டு தடவை தண்டிப்பதில்லை. உங்கள் பாடத்தில் அப்படி உண்டா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்கும் வேறு பிரிவில் படிக்கும் தோழிக்கும் 60 மார்க். எனக்கு கிரேடு 'ஏ', அவளுக்கு 'பி'. அவள் என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டாள்.
– மூன்றாம் செமஸ்டர் மாணவி

உங்கள் இரு பிரிவுக்கும் வேறு வேறு வினாத்தாள், கிரேடு ஒப்பீட்டு முறையில், அதாவது உங்கள் மார்க்கை வகுப்பில் மற்றவர்களின் மார்க்கோடு ஒப்பிட்டு. அதுதான் காரணம். உங்கள் வகுப்பின் சராசரி 48, திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) 12 என்று எழுதியிருக்கிறீர்கள். 60 என்பது சராசரிக்கு மேலே சரியாக ஒரு திட்ட விலக்கம். தோழியின் வகுப்பில் சராசரி 62, திட்ட விலக்கம் 10. அங்கே அதே 60 சராசரிக்குக் கொஞ்சம் கீழே, 0.2 திட்ட விலக்கம். மார்க் ஒன்றுதான், வகுப்புக்குள் அது நிற்கும் இடம் வேறு.

இதை அவரிடம் காட்டுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் இதில் ஒன்றுமே இல்லை.

சராசரி 48 என்றதும் வீட்டில் பயப்படுவார்கள். இயற்பியலில் அது கேவலம் இல்லை. எல்லோரும் 90 வாங்கும் தாளில் நன்றாகப் படித்தவருக்கும் மிக நன்றாகப் படித்தவருக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால்தான் பலர் வேண்டுமென்றே கடினமாக வைத்து, பிறகு கிரேடு எல்லைகளைக் கீழே இறக்குகிறார்கள்.

ஆனாலும் ஒப்பீட்டு முறையை நான் முழுதாக ஆதரிக்கவில்லை. முந்நூறு பேர் வகுப்பில் அது ஓரளவு சரி, பதினைந்து பேர் வகுப்பில் அநியாயம். பதினைந்து பேரும் நன்றாகப் படித்திருந்தாலும் யாரோ ஒருவர் அடியில் இருந்தே ஆக வேண்டும். அதோடு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தால் நமக்கு நஷ்டம் என்ற எண்ணத்தை அது வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இயற்பியலைக் கூடிப் பேசிப் படிப்பதுதான் சிறந்த வழி, அதையே முறை கெடுத்தால் எப்படி? எனக்குப் பிடித்த ஏற்பாடு: எந்த மார்க்குக்கு எந்த கிரேடு என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது, தாள் கடினமாகப் போனால் எல்லைகளைக் கீழே இறக்கலாம், ஒருபோதும் மேலே ஏற்றக் கூடாது. மாணவருக்கு அப்போது தன் இலக்கு என்னவென்று தெரியும்.

வீட்டுப்பாடம் 10, வினாடி வினா 10, இடைத்தேர்வு 25, லேப் 20, இறுதித் தேர்வு 35 சதவீதம். இடைத்தேர்வில் 40 தான். இனி தேறுவேனா?
– கவலையோடு ஒருவர்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் எழுதியபடி வீட்டுப்பாடத்தில் 90, அதாவது 9. வினாடி வினாவில் 70, அது 7. இடைத்தேர்வில் 40 என்பது 10. லேப் 85, அது 17. ஆக 43 ஏற்கனவே கையில் இருக்கிறது. மொத்தம் 60 வேண்டும் என்றால் இறுதித் தேர்வின் 35-இல் 17 எடுத்தால் போதும், நூற்றுக்கு 49 மாதிரி. 75 வேண்டும் என்றால் 35-இல் 32, அதாவது நூற்றுக்கு 91-க்கு மேல், அது கஷ்டம். 65-ஐக் குறிவையுங்கள், அதற்கு நூற்றுக்கு 63 தேவைப்படும், நடக்கக்கூடியதுதான்.

ஒன்றை மட்டும் பாடத்திட்டத் தாளில் தேடிப் பாருங்கள். பல இடங்களில் மொத்தம் போதாது, இறுதித் தேர்வில் தனியாகவும் லேபில் தனியாகவும் ஒரு குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். அந்த வரி சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும். மொத்தத்தில் 62 வைத்துக்கொண்டு லேப் ரெக்கார்டு கொடுக்காததால் தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணே இல்லாத கேள்விகளில் தோற்றுப்போகிறேன். கணக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் போட்டுவிடுவேன். இப்படிப்பட்ட கேள்விகளை எதற்கு வைக்கிறார்கள்?
– முதலாண்டு மாணவி

முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன், பேனாவைத் தொடாமல் சொல்லுங்கள். நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? காற்றுத் தடையை விட்டுவிடுங்கள்.

பூஜ்யம் என்று தோன்றினால் நீங்கள் தனி ஆள் இல்லை. திசைவேகம்தான் பூஜ்யம், முடுக்கம் கீழ்நோக்கி அதே 9.8. அது பூஜ்யமாக இருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். எறிந்த கையின் விசை இன்னும் பந்துக்குள் இருக்கிறது, உச்சிக்குப் போகப் போக அது தீர்ந்துபோகிறது என்று மனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே எறிபொருள் கணக்கு நூறு போட்டு நூறுக்கும் சரியான விடை எடுக்கலாம், ஏனென்றால் சூத்திரத்துக்கு உங்கள் நம்பிக்கை தெரியாது.

இதைச் சோதிக்கவே 1992-இல் ஹெஸ்டீன்ஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் மூவரும் விசைக் கருத்துகள் பற்றிய ஒரு வினாத் தொகுப்பை வெளியிட்டார்கள். கணக்கே இல்லை, எல்லாம் அன்றாட மொழியில் அமைந்த கொள்குறி வினாக்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களுக்கு இதைக் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிவிட்டது. பாடத்தை நிறுத்தி ஒரு கருத்துக் கேள்வி, தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடு, மறுபடி பதில் சொல் என்று போனார். நீங்களும் அதையே செய்யலாம். ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்ததும் சூத்திரம் எழுதாமல் வெறும் வார்த்தையில் ஏன் இப்படி வந்தது என்று யாருக்காவது சொல்லிப் பாருங்கள், நிறை இரண்டு மடங்கானால் என்ன ஆகும், உராய்வே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 10.9 வந்தது. லேப் தோழன் 9.81 என்று எழுதிவிடச் சொல்கிறான், இல்லாவிட்டால் மார்க் போய்விடுமாம். எழுதலாமா?
– லேபிலிருந்து ஒருவர்

எழுதாதீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள்.

உங்கள் 10.9 எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதில் ஒரு தடயம் இருக்கிறது. 20 அலைவுகள் எண்ணினீர்கள் என்கிறீர்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினீர்களா? அப்படியானால் இருபது என்று சொல்லி நிறுத்தும்போது ஊசல் 19 தடவைதான் ஆடியிருக்கும். நேரத்தை 20-ஆல் வகுத்தால் அலைவு நேரம் ஐந்து சதவீதம் குறைவாக வரும். ஈர்ப்பு முடுக்கம் அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம், ஆகவே 9.8-ஐ 20/19-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள், 10.86 வருகிறது. உங்கள் எண் அதுதான்! அழுத்தும்போது "பூஜ்யம்" என்று எண்ணி மறுபடி செய்யுங்கள். மறுபடி செய்ய நேரமில்லை என்றால் வந்ததையே எழுதி, இந்தக் காரணத்தை விளக்கப் பகுதியில் எழுதுங்கள். படித்துப் பார்க்கிற ஆசிரியர் யாரும் அதற்கு மார்க் குறைக்க மாட்டார்.

9.81-க்கு வருவோம். ஒரு மீட்டர் நீள ஊசலில் 20 அலைவுக்கு சுமார் 40 விநாடி. கையால் அழுத்துவதில் 0.2 விநாடி முன்னே பின்னே ஆகும், அது அரை சதவீதம், வர்க்கத்தால் ஒரு சதவீதம் ஆகிறது, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தில் 0.1. ஆகவே 9.7, 9.9 எல்லாம் நேர்மையான விடைகள். வகுப்பில் எல்லோருக்கும் 9.81 வந்தால்தான் சந்தேகம் வரும். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லேப் மார்க்கை 9.8-க்கு எவ்வளவு கிட்டே வந்தார்கள் என்று பார்த்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அளவீட்டைப் பொய்யாக எழுதக் கற்றுக்கொடுப்பது நாம்தான். அளந்ததைப் பதிந்த விதத்துக்கும், பிழை வரம்புக்கும், விளக்கத்துக்கும் போடுங்கள்.

ஒரு பக்கம் சூத்திரத் தாள் கையால் எழுதிக் கொண்டுவரலாம் என்கிறார்கள். சீனியர் ஒருவரின் தாளைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர்

விதியில் "கையால்" என்று இருந்தால் நகலைப் பறிமுதல் செய்வார்கள், அது ஒரு பக்கம். அந்தத் தாளின் பலனே அதைத் தயாரிப்பதில்தான். எதை விடலாம் எதை வைக்கலாம் என்று யோசிக்கும்போதுதான் பாடம் முழுவதும் ஒரு தடவை மனதில் ஓடும். சூத்திரத்தைவிட அது எப்போது செல்லும் என்பதை எழுதுங்கள். சீரான முடுக்கம் இருந்தால் மட்டும், உராய்வு இல்லாதபோது மட்டும், காஸ் விதி எப்போதும் உண்மைதான் ஆனால் சமச்சீர் இருந்தால்தான் மின்புலத்தை எளிதாக எடுக்க உதவும், இப்படி. அப்புறம் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று தாளின் உச்சியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நான்கு விருப்பங்கள், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறைவு. தெரியாததை விட்டுவிடலாமா?
– வாசகர்

கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, அந்தக் கழிவு அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு விருப்பத்தைத் தப்பு என்று உறுதியாக ஒதுக்க முடிந்தாலும் கணக்கு உங்கள் பக்கம் வந்துவிடும், கேள்விக்கு சராசரியாக ஒன்பதில் ஒரு மார்க். ஒதுக்க எளிய வழி அலகு. வேகம் கேட்ட இடத்தில் முடுக்கத்தின் அலகு வரும் விருப்பம் இருந்தால் அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

காய்ச்சலில் இடைத்தேர்வு எழுதவில்லை. பத்து நாள் கழித்து ஆசிரியரிடம் போனேன், முடியாது என்றுவிட்டார்.
– இரண்டாம் செமஸ்டர்

பத்து நாள் என்பதுதான் சிக்கல். விடைகள் வெளியாகிவிட்டால் அதே தாளை உங்களுக்குத் தர முடியாது, புதுத் தாள் அமைத்தால் அதே கடினத்தில் அமைவது உறுதியில்லை. அதனால்தான் பல பாடங்களில் மறுதேர்வே வைக்காமல் இடைத்தேர்வின் பங்கை இறுதித் தேர்வோடு சேர்த்துவிடுகிறார்கள். அதைக் கேளுங்கள், மருத்துவச் சான்றோடு, எழுத்தில். இனிமேல் உடம்பு முடியாமல் போனால் தேர்வுக்கு முன்பே இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், சான்று பிறகு வரட்டும்.

வீட்டுப்பாடத்தில் எல்லோரும் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு எழுதுகிறார்கள். நான் மட்டும் சொந்தமாகப் போட்டு 7 வாங்குகிறேன், அவர்களுக்கு 10. நான் முட்டாளா?
– முதலாண்டு மாணவர்

இல்லை. உங்கள் 7 உங்களுடையது, தேர்வு அறைக்குள் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இயற்பியல் மாணவர்கள் இணையத்தில் வீட்டுப்பாடம் செய்ததை, யார் எவ்வளவு நேரத்தில் விடை போட்டார்கள் என்பது வரை பார்த்து, 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. கேள்வியைப் படிக்கக்கூடப் போதாத நேரத்தில் சரியான விடை வந்தால் அது எங்கிருந்தோ எடுத்தது. அப்படி அதிகம் எடுத்து எழுதியவர்கள் இறுதித் தேர்வில், அதுவும் சமன்பாடு அமைத்துப் போட வேண்டிய கணக்குகளில், பின்தங்கினார்கள். அப்போது இந்தக் கருவிகள் கிடையாது, நண்பரின் தாள்தான். ஆனால் காரணம் மாறவில்லை. எங்கே சிக்குகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் வீட்டுப்பாடம், சிக்காமலே கடந்துவிட்டால் அது தேர்வு அறையில்தான் தெரியவரும்.

கருவியைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஆசிரியர் அனுமதித்திருந்தால், அரை மணி நேரம் நீங்களே முட்டி மோதிய பிறகு, முதல் படி மட்டும் எது என்று கேளுங்கள். பிறகு மூடிவிட்டு மீதியை நீங்களே போடுங்கள். வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு மார்க் வைப்பது இனி சரியா என்று துறைகளும் யோசிக்க வேண்டும். விடைக்குப் பதில், போட்ட கணக்கை ஐந்து நிமிடம் வாயால் விளக்கச் சொன்னால் போதும்.

புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். எண்பது தாள் திருத்த வேண்டும். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் ஒரே கையால் மார்க் போட்டேனா என்று உறுத்துகிறது.
– இளம் ஆசிரியை

இந்த உறுத்தல் உள்ளவரிடம் படிக்கிற மாணவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தாள் தாளாகத் திருத்தாதீர்கள், கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். எண்பது தாளிலும் முதல் கேள்வி முடிந்த பிறகுதான் இரண்டாவது. தாள்களைக் கலைத்து அடுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள், அப்போதுதான் நீங்கள் களைத்துப்போன நேரத்தில் எப்போதும் அதே ஆட்கள் மாட்ட மாட்டார்கள். முன்பக்கத்தை மடித்துவிடுங்கள், பெயர் தெரிய வேண்டாம். மார்க் பிரிவைத் தேர்வுக்கு முன்பே எழுதிவைத்து, முதலில் பத்துத் தாளை மார்க் போடாமல் வெறுமனே படித்துப் பாருங்கள். நீங்கள் நினைக்காத ஒரு வழியில், உதாரணமாக விசைக்குப் பதில் ஆற்றல் மாறாமையை வைத்து, யாராவது அழகாகப் போட்டிருப்பார்கள். அதற்கும் பிரிவில் இடம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

மறுமதிப்பீடு கேட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வாரா?
– பெயர் வேண்டாம் என்றவர்

கேட்கிற விதத்தில் இருக்கிறது. கூட்டலில் தப்பு, ஒரு பக்கம் திருத்தப்படவே இல்லை என்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். மற்றபடி ஒரு நாள் பொறுத்து, வெளியிட்ட விடைக் குறிப்போடு உங்கள் தாளை வரி வரியாக ஒப்பிட்டு, "மூன்றாம் கேள்வி (ஆ)வில் முறுக்குவிசைச் சமன்பாடு சரியாக இருக்கிறது, அதற்கான 2 மார்க் விடுபட்டதாகத் தோன்றுகிறது" என்று எழுதிக் கொடுங்கள். இன்னும் ரெண்டு மார்க் வந்தால் கிரேடு மாறும் என்று மட்டும் எழுதாதீர்கள், அது காரணம் ஆகாது. சில இடங்களில் மறுமதிப்பீடு என்றால் முழுத் தாளையும் திரும்பப் பார்ப்பார்கள், மார்க் குறையவும் செய்யலாம். விதியையும் கடைசித் தேதியையும் முதலில் படித்துவிட்டு, தாளில் ஒரு எழுத்தும் புதிதாகச் சேர்க்காமல் கொடுங்கள்.